ஒன்பது வயதுச் சின்சில்லாவுக்கு முதுமை வந்துவிட்டதா?

பஞ்சுவின்அம்மா (டொராண்டோ)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சின்சில்லா இருக்கிறான், அடர்ந்த முடியுள்ள சிறு கொறிக்கும் பிராணி. பெயர் பஞ்சு, சாம்பல் நிறம், வயது ஒன்பது முடிந்துவிட்டது. மகளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவள் ஆசைப்பட்டு வாங்கியவன். இப்போது அவள் வேறு நகரத்தில் தங்கிப் படிக்கிறாள். பஞ்சு என் பொறுப்பில் இருக்கிறான். இரவு பத்து மணிக்கு நான் சமையலறை விளக்கை அணைத்தால்தான் அவன் கூண்டில் நடமாட்டம் தொடங்கும். ஒன்பது வருடமாக அந்தச் சத்தத்தோடுதான் தூங்கப் போகிறேன்.

இரண்டு மாதமாக அவனைக் கையில் எடுத்தால் முன்பிருந்த கனம் இல்லை. தீவனக் கிண்ணத்தில் பெல்லட் (அழுத்திச் செய்த குறுணைத் தீவனம்) மிஞ்சுகிறது. அருகிலுள்ள ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். முன்பற்களைப் பார்த்தார், நன்றாக இருக்கின்றன என்றார். "ஒன்பது வயதாகிறது அல்லவா, முதுமைதான், இருக்கும்வரை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சின்சில்லா எத்தனை வருடம் வாழும்? தேடினால் ஓரிடத்தில் பத்து என்கிறார்கள், வேறோர் இடத்தில் இருபது என்கிறார்கள். ஒன்பது வயது உண்மையிலேயே முதுமையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாம்பல்வால் (லண்டன்)

அக்கா, ஒன்பது முதுமை இல்லை. நடுவயது என்று சொல்லலாம்.

நான் இருபத்திரண்டு வருடமாகச் சின்சில்லா வளர்க்கிறேன். இதுவரை மூன்று. முதலாவது ஆறு வயதில் இறந்தது, அது என் தவறு, பிறகு சொல்கிறேன். இரண்டாவது பதினெட்டு வயது வரை இருந்தாள். மூன்றாவதுக்கு இப்போது பதினொன்று, நேற்று இரவுகூட அலமாரியின் மேல்தட்டுக்குத் தாவினான்.

பத்து என்பதும் இருபது என்பதும் இரண்டுமே சரிதான். வீட்டில் வளரும் சின்சில்லாக்கள் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் வாழ்கின்றன. அந்தப் பத்து வருட வேறுபாடு பெரும்பாலும் வெப்பம், வயிறு, பல் ஆகிய மூன்றிலும் அடங்கிவிடுகிறது. இந்த மூன்றிலும் தப்பியவை பதினைந்தைத் தாண்டுவதில் வியப்பில்லை.

இப்போது எனக்குச் சில விவரம் வேண்டும். எடை எவ்வளவு? சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருந்தால் போதும், ஒரு கிண்ணத்தில் உட்கார வைத்து நிறுத்துப் பாருங்கள். உலர்புல் தின்கிறானா, அல்லது எடுத்துக் கடித்துவிட்டுக் கீழே போடுகிறானா? தாடைக்குக் கீழே ஈரம் உண்டா? கண்ணில் நீர் வடிகிறதா? புழுக்கை சிறுத்திருக்கிறதா? இன்றே பாருங்கள்.

பஞ்சுவின்அம்மா

தம்பி, உங்கள் கேள்விகளைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எடை 486 கிராம். இரண்டு வருடத்திற்கு முன் எடுத்த மருத்துவ அட்டையில் 590 என்று இருக்கிறது. இடையில் நான் நிறுத்ததே இல்லை. முடி அவ்வளவு அடர்த்தி என்பதால் பார்வைக்கு அவன் இன்னமும் உருண்டையாகத்தான் இருக்கிறான்.

உலர்புல்லை எடுக்கிறான், இரண்டு கடி கடித்துவிட்டுப் போட்டுவிடுகிறான். தின்ன விருப்பமில்லை என்று எண்ணினேன். இடது கண் சில வாரமாக ஈரமாக இருக்கிறது. முடியைச் சுத்தப்படுத்த அவன் புரளும் தூசிக் குளியலின் தூள் பட்டிருக்கும் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். தாடையைத் தொட்டுப் பார்த்தேன், முடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. புழுக்கை சிறுத்துத்தான் போயிருக்கிறது.

மருந்துப்பெட்டி (பர்மிங்காம்)

நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் செவிலியர். சிறு பிராணிகள் பிரிவில் இருப்பதால் மாதந்தோறும் சின்சில்லாக்களைப் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் நோயைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதிய அறிகுறிகளை எங்கள் மருத்துவரிடம் யாராவது சொன்னால், அவர் முதலில் சந்தேகப்படுவது கடைவாய்ப் பற்களைத்தான்.

நூற்றுநான்கு கிராம் குறைந்திருக்கிறது. உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். அறுபது கிலோ மனிதர் பத்துக் கிலோ இழந்ததுபோல. இதை முதுமை என்று விட்டுவிட முடியாது.

சின்சில்லாவுக்கு இருபது பற்கள். முன்னால் நான்கு வெட்டுப்பற்கள், பின்னால் பதினாறு கடைவாய்ப் பற்கள். இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வருடத்திற்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும் என்றால் பின்னால் நடப்பதையும் ஊகித்துக்கொள்ளுங்கள். வளர்கிற வேகத்திற்குத் தேய்ந்தால்தான் வாய் சரியாக மூடும். அந்தத் தேய்மானத்தைத் தருவது நார் மிகுந்த புல். புல்லை மெல்லும்போது கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைக்கிறது, அம்மிக்கல்லில் குழவி போய்வருவதுபோல. பெல்லட்டைக் கடிக்கும்போது மேலும் கீழும் நொறுக்குவதோடு வேலை முடிந்துவிடும், அரைப்பு இல்லை.

தேய்மானம் குறைந்தால் பல் வாய்க்குள் நீள்கிறது. இடம் போதாமல் போனதும் வேர்ப்பக்கம் எதிர்த்திசையில் தள்ளுகிறது. மேல்தாடையில் என்றால் கண்குழியை நோக்கிப் போகும், கண்ணீர் வடியும் குழாயை அழுத்தும். கண் ஈரமாவது அதனால் இருக்கலாம். கீழ்த்தாடையில் என்றால் எலும்பின் அடியில் விரலை ஓட்டினால் சிறு மேடுகள் தட்டுப்படும். பல்லின் ஓரம் முள்போலக் கூர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கீறும். பசி இருக்கும், எடுத்துக் கடிக்கும், வலித்ததும் போட்டுவிடும். விருப்பமில்லாததுபோல் நமக்குத் தெரிவது பெரும்பாலும் வலி.

முன்பற்கள் நன்றாக இருப்பதை வைத்துப் பின்பற்களை மதிப்பிட முடியாது. வாய் அவ்வளவு சிறியது. விழித்திருக்கும் சின்சில்லாவின் கடைவாயை முழுதாகப் பார்க்க யாராலும் முடியாது. மயக்கம் கொடுத்துத் தலைக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், வசதி இருந்தால் சி.டி. ஸ்கேன். நாய் பூனை மட்டும் பார்க்கும் மருத்துவரை விட்டுவிட்டு, முயலும் கினிப்பன்றியும் சின்சில்லாவும் அன்றாடம் பார்க்கிற ஒருவரைத் தேடுங்கள். உங்கள் நகரத்தில் நிச்சயம் இருப்பார்கள்.

இன்னும் ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். எந்த மருத்துவராவது அமாக்சிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாய்வழியாகக் கொடுக்க எழுதினால், ஏன் என்று கேளுங்கள். சின்சில்லாவின் குடலில் நார்ச்சத்தைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களை அவை அழித்து, நச்சு உண்டாக்கும் கிருமிகளுக்கு வழிவிடுகின்றன. பல்லுக்காகக் கொண்டுபோன பிராணி மருந்தால் இறந்துவிடக் கூடாது.

தின்பது முற்றிலும் நின்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அரை நாள், ஒரு நாளிலேயே குடல் அசைவு நின்றுபோகும். அப்போது தாவரம் தின்னும் பிராணிகளுக்கான மீட்புத் தீவனத் தூளைத் தண்ணீரில் குழைத்து, சிரிஞ்சியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாயோரம் விட வேண்டும். அதன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்சுவின்அம்மா

வியாழக்கிழமைக்கு இடம் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். தாடையின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தேன். வலது பக்கம் வழவழப்பாக இருக்கிறது, இடது பக்கம் இரண்டு சிறு மேடுகள். மகளிடம் சொன்னேன். அவள் தொலைபேசியில் ஒன்றும் பேசவில்லை.

கொய்யாமரம்

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா என்று தோன்றுகிறது. என் அண்ணன் வீட்டுச் சின்சில்லாவுக்குத் தினமும் இரவு ஓர் உலர்திராட்சையும் ஒரு பாதாம் பருப்பும் கொடுத்தார்கள். பதினான்கு வருடம் இருந்தது. அதுவும் ஓர் உயிர்தானே, ஆசைக்கு ஒன்று கொடுத்தால் என்ன? வெறும் புல்லைத் தின்றுகொண்டு இருபது வருடம் இருப்பது ஒரு வாழ்க்கையா?

சாம்பல்வால்

உங்கள் அண்ணன் வீட்டார் அன்பாக வளர்த்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. பதினான்கு நல்ல வயது. ஆனால் அந்தத் திராட்சையால்தான் அது அவ்வளவு நாள் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கையளவு பிராணிக்கு ஒரு திராட்சை என்பது நமக்கு ஒரு கிண்ணம் பாயசம். சர்க்கரை குடல் நுண்ணுயிர்களின் சமநிலையைக் கெடுக்கும். பாதாமில் கொழுப்பு. சின்சில்லாவின் உடல் கொழுப்பைக் கையாளப் பழகியதில்லை, கல்லீரலில் போய்த் தங்கும். இவற்றைவிட மோசமானது வேறொன்று: இனிப்பால் வயிறு நிறைந்த பிராணி புல்லை நாடாது. அங்கிருந்துதான் பஞ்சுவுக்கு வந்ததுபோன்ற பல் தொல்லை தொடங்குகிறது.

ஆசைக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காய்ந்த ரோஜா மொக்கு ஒன்று, அல்லது மருந்து தெளிக்காத ஆப்பிள் மரக் குச்சி ஒன்று கொடுத்துப் பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புல்லாங்குழல் வாசிப்பதுபோல் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பட்டையை உரிக்கும். அதைப் பார்த்த பிறகு புல் தின்னும் வாழ்க்கை வறட்சியானது என்று உங்களுக்குத் தோன்றாது.

என் முதல் சின்சில்லாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கடையில் வழக்கமான பெல்லட் கிடைக்கவில்லை. வேறு வகை வாங்கிவந்து ஒரே நாளில் முழுவதும் மாற்றினேன். அன்றே தோட்டத்தில் ஈரத்தோடு பறித்த பச்சைப்புல்லையும் ஒரு பிடி போட்டேன், ஆசையாகத் தின்றது. மறுநாள் காலை வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது. சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனதும் உள்ளே உண்டான காற்றும் குடல் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். மாலைக்குள் இறந்துவிட்டது. ஆறு வயது. அதன்பின் எந்தத் தீவனத்தையும் பத்துப் பதினைந்து நாள் எடுத்து, பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாற்றுகிறேன்.

ஒரு சிறு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் உலர்புல்லை வைக்கோல் என்கிறோம். வைக்கோல் கதிர் அறுத்தபின் மிஞ்சும் தாள், அதில் சத்து மிகக் குறைவு. சின்சில்லாவுக்கு வேண்டியது பச்சையாக அறுத்துக் காயவைத்த திமோத்தி போன்ற புல். கடையில் வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

கொய்யாமரம்

புல் தின்பது நிற்பதால்தான் பல் கெடுகிறது என்று நீங்கள் சொன்ன வரிசை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அண்ணனிடம் கேட்டேன். கடைசி வருடத்தில் அதுவும் தாடை நனைந்தபடி இருந்ததாம். எழுதும்போது மனம் கனக்கிறது.

மலையேறி

இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்பதை வைத்துப் பார்த்தால் நீங்கள் எல்லோரும் சொல்வது ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சின்சில்லாவின் ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகள். வறண்ட சரிவு, பாறை இடுக்கு, முட்புதர், குளிர்ந்த இரவு. கிடைப்பது முரட்டுப் புல்லும் பட்டையும் வறட்சித் தாவரங்களும்தான். அந்தப் பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பது அந்த உணவு அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் என்பதால். குளிரைத் தாங்க அந்த முடி. நம் தலையில் ஒரு வேர்க்குழியிலிருந்து ஒன்றிரண்டு முடிதான் முளைக்கும். சின்சில்லாவுக்கு ஒரே குழியிலிருந்து ஐம்பது, அறுபதுக்கு மேல் முளைக்கும். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இவ்வளவு அடர்ந்த முடி வேறெதற்கும் இல்லை.

அந்த முடிக்காகவே அதை அழித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலட்சக்கணக்கில் கொன்று தோல்களை ஏற்றுமதி செய்தார்கள். 1910இல் சிலி, அர்ஜெந்தினா, பொலிவியா, பெரு ஆகிய நாடுகள் வேட்டையைத் தடுக்க உடன்படிக்கை செய்தபோது மிஞ்சியவை சொற்பம். சிலியின் இயாப்பெல் ஊருக்கு அருகே இவற்றுக்கென்றே 1983இல் ஒரு காப்பகம் அமைத்தார்கள். காட்டுச் சின்சில்லா இன்றும் அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது.

நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1923இல் சிலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுசென்ற பதினொன்றின் வழிவந்தவை. அவர் அவற்றை மலையிலிருந்து நேரே கப்பலில் ஏற்றிவிடவில்லை. உயரத்திலிருந்து கீழே கொண்டுவருவதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டார், இடையிடையே தங்கவைத்துப் பழக்கினார். கப்பலில் வெயில் கூடியபோது கூண்டுகளைப் பனிக்கட்டியால் குளிர்வித்தார். சாப்மன் தோல் வணிகத்தை மனத்தில் வைத்துத்தான் செய்தார் என்பதை மறைக்க முடியாது. ஆனாலும் வெப்பம்தான் இவற்றுக்கு எமன் என்பதை நூறு வருடத்திற்கு முன்பே அவர் புரிந்துகொண்டிருந்தார்.

காட்டில் நரியும் ஆந்தையும் இருப்பதால் அங்கே பத்து வயதைத் தொடுவதே அரிது. வீட்டில் அந்தப் பகை இல்லை. கின்னஸ் பதிவில் உள்ள ரேடார் என்ற சின்சில்லா 29 ஆண்டு 229 நாள் வாழ்ந்து 2014இல் இறந்தது. எல்லாச் சின்சில்லாவும் அவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்லவில்லை. அந்த உடலுக்கு அவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெயிலூரான் (சென்னை)

இழையைத் தற்செயலாகக் கண்டேன். இங்கே ஒரு விற்பனையாளரிடம் சின்சில்லா இருப்பதாக நண்பர் சொன்னார். வாங்கலாமா என்று இரண்டு மாதமாக யோசிக்கிறேன். படுக்கையறையில் ஏ.சி. இருக்கிறது, இரவில் ஓடும். பகலில் மின்விசிறி போட்டு வைத்தால் போதாதா?

நள்ளிரவு (பாரிஸ்)

தம்பி, போதாது. என் கதையைக் கேளுங்கள். இதை நான் எங்கும் எழுதியதில்லை.

2019 ஜூலை 25. அன்று பாரிசில் 42.6 பாகை. இந்த நகரம் அதற்கு முன் கண்டிராத வெப்பம். எங்கள் வீடு ஐந்தாம் மாடி, கூரைக்கு நேர்கீழே. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஏ.சி. கிடையாது, எங்களுக்கும் இல்லை. காலையில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, கூண்டின் முன்னால் மின்விசிறியை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நல்லதுதான் செய்தேன் என்ற நம்பிக்கையில் போனேன்.

மின்விசிறிக் காற்று நமக்கு இதமாக இருப்பது நமக்கு வியர்ப்பதால். வியர்வையைக் காற்று உலர்த்தும்போது உடல் குளிர்கிறது. சின்சில்லாவுக்கு அப்படி வியர்க்காது. முடிக்குள் காற்று போகவும் போகாது. சூடான அறையில் சூடான காற்றை அதன் மேல் வீசிக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவுதான். அதன் உடலில் சூடு வெளியேறும் முக்கிய வழி அந்தப் பெரிய காதுகள்தான். மாலையில் வந்தபோது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். காதுகள் இரத்தச் சிவப்பாக இருந்தன, வாயோரம் எச்சில். குளிர்ந்த ஈரத்துணியைக் காதில் வைத்துக்கொண்டு டாக்சியில் ஓடினோம். மருத்துவமனை வாசலில் உயிர் போய்விட்டது. ஏழு வயது. எந்த நோயும் இல்லை.

பெயர் மிளகு. உடம்பு முழுவதும் கறுப்பு.

சாம்பல்வால்

நள்ளிரவு அக்கா, எழுதியதற்கு நன்றி.

வெயிலூரான், வளர்ப்பவர்கள் கைக்கணக்காக ஒன்று வைத்திருக்கிறோம். அறை வெப்பத்தைப் பாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 150ஐத் தாண்டினால் ஆபத்து. என் அறையில் 20 பாகை செல்சியஸ், அதாவது 68 பாரன்ஹீட், ஈரப்பதம் 55. கூட்டினால் 123. சென்னையில் மே மாத நள்ளிரவில் 29 பாகை இருந்தால் 84, ஈரப்பதம் 75 என்றால் 159. நள்ளிரவிலேயே எல்லை தாண்டிவிட்டது. நண்பகலைக் கணக்கிட வேண்டியதே இல்லை. ஈரப்பதம் குறைவாக இருந்தாலும் 27 பாகைக்கு மேல் போகவே கூடாது. 15க்கும் 21க்கும் இடையில்தான் அது சுகமாக இருக்கும்.

ஏ.சி. இருபத்துநான்கு மணி நேரமும், வருடம் முழுவதும், பதினைந்து இருபது வருடத்திற்கு ஓட வேண்டும். மின்சாரம் போனால் அதைத் தாங்கும் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு பழுதானால் இன்னொன்று வேண்டும். வெளியூர்க் கல்யாணத்திற்குப் போனால் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். இவ்வளவும் முடியும் என்றாலும் சின்சில்லாவின் வாயைத் திறந்து பார்த்த அனுபவமுள்ள மருத்துவர் அருகில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இந்த இழையின் தொடக்கத்தைத் திரும்பப் படித்தால் ஏன் சொல்கிறேன் என்பது விளங்கும்.

வெயிலூரான்

எங்கள் பகுதியில் போன மே மாதம் ஒரே நாளில் நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. வாங்கப் போவதில்லை. விற்பனையாளரிடம் அவை எந்த அறையில் இருக்கின்றன என்று கேட்டேன், மழுப்பினார். அது இன்னமும் மனத்தை அறுக்கிறது.

மருந்துப்பெட்டி

வெப்பம், வயிறு, பல் மூன்றும் பெரியவை. அவற்றுக்கு அடுத்தபடியாக நாங்கள் அடிக்கடி பார்ப்பது கால் முறிவு. கம்பித் தளத்தில் கால் மாட்டி முறியும். பின்னங்கால் எலும்பு மெல்லியது, கட்டுப்போட்டாலும் கூடுவது கடினம். தளத்தில் மரப்பலகை போட்டுவிட்டால் பாதத்தில் வரும் புண்ணையும் தவிர்க்கலாம். ஓடும் சக்கரம் சிறியதாக இருந்தால் முதுகு வளையும், 38 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். பிளாஸ்டிக் தட்டுகளை எடுத்துவிடுங்கள், கடித்து விழுங்கினால் குடல் அடைக்கும்.

ஆண் பிராணி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை குறியைச் சுற்றி முடி வளையமாக இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் தவிக்கும் நிலையில் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்பது சின்சில்லாக்களில் அரிதல்ல. எல்லாமே ஆபத்தானவை அல்ல. ஆனால் மயக்கம் கொடுப்பதற்கு முன் மருத்துவர் கேட்டுப் பார்க்க வேண்டும். பஞ்சுவின்அம்மா, வியாழக்கிழமை இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறவியில் வருவதும் உண்டு. பல் பொருந்தாத பிராணியிடம் குட்டி எடுத்தால் குட்டிக்கும் அது வரக்கூடும். வெல்வெட் நிறத்தையும் வெல்வெட் நிறத்தையும் சேர்ப்பது, வெள்ளையையும் வெள்ளையையும் சேர்ப்பது ஆகியவற்றை அறிந்தவர்கள் செய்யமாட்டார்கள். இரு பக்கமும் அந்த மரபணுவைப் பெறும் கரு பிழைக்காது. வாங்கும்போது பெற்றோரைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

பஞ்சுவின்அம்மா

வியாழன் இரவு எழுதுகிறேன்.

இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல்தாடையில் இடப்பக்கம் இரண்டு பற்களின் வேர் நீண்டு கண்ணின் அடிவரை போயிருக்கிறது. கீழே இடப்பக்கமும் அப்படித்தான். நாக்கின் ஓரத்தில் ஒரு பல் முள்போல் குத்திப் புண்ணாகியிருந்தது. அந்த முனைகளை மட்டமாகத் தேய்த்துவிட்டார்கள். வலி குறைக்க மெலாக்சிகாம் கொடுத்திருக்கிறார்கள். எடை 472.

மருத்துவர் ஒன்றையும் மறைக்கவில்லை. வாய்க்குள் நீண்டதை மட்டமாக்க முடியும், வேரைப் பின்னுக்குக் கொண்டுவர முடியாது என்றார். இது தீராது, சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படித் தேய்க்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் மயக்கம் ஓர் ஆபத்துத்தான் என்றார். "எடை குறையத் தொடங்கியபோதே வந்திருந்தால்" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

பெல்லட் சுலபமாகத் தின்கிறான் என்று நானே அதைக் கூட்டிக்கொண்டு போனேன். கிண்ணம் காலியானால் எனக்குத் திருப்தி. புல் மிஞ்சுவதைப் பழைய புல் என்று தூக்கிப்போட்டேன்.

இப்போது என் கேள்வி வேறு. இப்படித் திரும்பத் திரும்ப மயக்கம் கொடுத்து அவனை வைத்திருப்பது அவனுக்காகவா, எனக்காகவா? மகள் சனிக்கிழமை வருகிறாள். அவளிடம் என்ன சொல்வது?

மருந்துப்பெட்டி

அக்கா, இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். கேட்காமலே இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

பஞ்சுவே உங்களுக்குக் காட்டுவான். நான்கு விஷயத்தைக் கவனியுங்கள். தானாகப் போய் உலர்புல்லை எடுத்து மென்று விழுங்குகிறானா? தூசிக் கிண்ணத்தை வைத்ததும் ஓடி வந்து புரள்கிறானா? வலியில் இருக்கும் சின்சில்லா குளியலை விட்டுவிடும். இரவில் எழுந்து திரிகிறானா? எடை நிற்கிறதா? இவற்றில் மூன்றுக்கு ஆம் என்றால் அவன் வாழ்ந்துகொண்டிருக்கிறான். சிரிஞ்சி இல்லாமல் ஒன்றும் உள்ளே போகவில்லை, மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், தேய்த்த மூன்றாம் வாரமே மறுபடி நீள்கிறது என்றால், அப்போது மருத்துவரிடம் விடைகொடுப்பதைப் பற்றிப் பேசலாம். அந்த முடிவும் அவனுக்குச் செய்வதுதான்.

தேய்த்த பிறகு ஆறேழு மாதம் இடைவெளி கிடைத்து, இரண்டு மூன்று வருடம் நன்றாக இருந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன். ஆறு வாரத்தில் முடிந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எது என்று என்னால் சொல்ல முடியாது.

மகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இருபது வயதுப் பெண், தாங்குவாள். சிரிஞ்சி பிடிக்கவும் கற்றுக்கொடுங்கள்.

சாம்பல்வால்

இரண்டு வருட எடையை நினைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள். நானும் கேட்கவில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்று இரவே தராசை எடுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், தீவனம் வைப்பதற்கு முன் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இவை காட்டில் மற்ற பிராணிகளுக்கு இரையானவை, நோயைக் கடைசி மூச்சுவரை மறைக்கும். முடியும் அந்த மறைப்புக்குத் துணைபோகும். என் பதினெட்டு வயதுக்காரிக்குப் பதினான்கில் ஒரு வாரம் 20 கிராம் குறைந்தது. அதைப் பார்த்துத்தான் கொண்டுபோனேன், பல்லில் ஒரு முனை, அன்றே தேய்த்தார்கள். நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்த நான்கு வருடம் அவளுக்கு இருந்திருக்காது.

அக்கா, ஞாயிறுதோறும் எடையை இங்கேயே எழுதுங்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

பஞ்சுவின்அம்மா

ஞாயிறு. 470. சிரிஞ்சியில் நான்கு வேளை. மகள் வந்தாள். முதல் தடவை கொடுத்தபோது அவள் சட்டையெல்லாம் தீவனம். இரண்டாம் தடவை சரியாகப் பிடித்துவிட்டாள். என்னைவிட அவள் கையில்தான் அமைதியாக இருக்கிறான்.

நள்ளிரவு

தினமும் வந்து பார்க்கிறேன் அக்கா.

பஞ்சுவின்அம்மா

ஞாயிறு. 479. சிரிஞ்சி இரண்டு வேளையாகக் குறைத்துவிட்டோம். செவ்வாய் இரவு புல் நொறுங்கும் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். விளக்கைப் போடவில்லை. இடது கண் இன்னமும் ஈரம்தான், அது அப்படியே இருக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

மருந்துப்பெட்டி

பெல்லட் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். புல்லைக் கொத்தாகத் தொங்கவிடாமல் கைக்கு எட்டும் உயரத்தில் பல இடங்களில் பரப்பி வையுங்கள். இரண்டாம் முறை அறுத்த மென்மையான புல்லில் தொடங்குங்கள், நாக்குப் புண் ஆறட்டும், பிறகு முரட்டுத் தாளுக்குப் போகலாம்.

பஞ்சுவின்அம்மா

ஞாயிறு. 491. தூசிக் கிண்ணத்தில் மூன்று முறை புரண்டான். மகளுக்குக் காணொளி அனுப்பினேன். அடுத்த பரிசோதனை ஐந்து வாரத்தில்.